தலைவர்கள் புற்றுநோய் வார்டுக்கு வந்து போவதால் என்ன மாறுகிறது?

பாலாற்றங்கரை எழுதியது:

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் காட்சி ஒன்றுதான். தலைவர் புற்றுநோய் வார்டுக்குள் வருவார். கட்டில் ஓரமாக நின்று நலம் விசாரிப்பார், பழக்கூடை கொடுப்பார். வாசலுக்கு வந்ததும் மைக் முன்னால் புதுக் கட்டடம், புது மெஷின், இத்தனை கோடி என்று அறிவிப்பு வரும். மறுநாள் பேப்பரில் படம். அதற்கு மறுநாள் அந்த வார்டில் என்ன நடந்தது என்று எழுத யாரும் இருப்பதில்லை.

கட்சிச் சண்டைக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. வருகையே வேண்டாம் என்பதும் என் எண்ணமல்ல. நான் காஞ்சிபுரத்துக்காரன். காரப்பேட்டையில் அண்ணா நினைவாக 1969இல் வந்த புற்றுநோய் மருத்துவமனையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். முதலமைச்சராக இருக்கும்போதே அவருக்கு உணவுக்குழாயில் புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க் போய் அறுவைசிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் உயிர் பிரிந்தது. அந்தத் துக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஓர் அரசு மருத்துவமனை வந்தது. ஆகவே அரசியல் தலைமைக்கும் இந்த நோய்க்கும் இருக்கும் தொடர்பை வெறும் படம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான்: வார்டுக்கு வரும் தலைவர் எதைப் பார்க்க வேண்டும்? எதைப் பார்த்தால் ஒரு சீர்திருத்தம் பிறக்கும்? நோயாளியாக, துணைக்கு நிற்பவராக, ஊழியராக இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, அடையாறைச் சொன்னீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். 1952 அக்டோபரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. படத்தில் தெரிவது அந்த ஒரு நாள்தான். அதற்கு முன்னால் ஏறக்குறைய முப்பது வருட உழைப்பு இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்துபோனார். 1927இல் சென்னை மாகாண மேலவைக்குள் நுழைந்த முதல் பெண் உறுப்பினர் முத்துலட்சுமி. தேவதாசி ஒழிப்புக்குப் போராடிய அதே அம்மையார், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அரசாங்கம் அசையவில்லை. கடைசியில் இந்திய மாதர் சங்கம் வழியாக நிதி திரட்டத் தொடங்கினார். 1954 ஜூனில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

நேருவின் வருகை வீண் என்று நான் சொல்லவில்லை. பிரதமரே வந்து கல் வைத்த இடத்துக்கு ‘இது எதற்கு?’ என்று எந்த அதிகாரியும் அப்புறம் கேட்க முடியாது. வருகைக்கு அந்த பலம் உண்டு. ஆனால் வேலையை ஏற்கெனவே ஒருவர் தோளில் சுமந்துகொண்டிருந்தால்தான் அந்த பலம் பயன்படும். யாரும் சுமக்காத இடத்தில் வைத்த கல் கல்லாகவே கிடக்கும்.

இரவுப்பணி எழுதியது:

நான் அரசு மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஊர்னு எழுத மாட்டேன், மன்னிக்கணும்.

பெரியவங்க வர்றாங்கன்னா ரெண்டு நாள் முன்னாடியே தகவல் வந்துடும். பெட்ஷீட் எல்லாம் புதுசா மாத்துவோம். துணைக்கு இருக்கிறவங்களை வெளிய அனுப்பச் சொல்லுவாங்க. அன்னைக்கு கீமோவுக்கு வந்தவங்கள்ல சிலரை நாளைக்கு வாங்கன்னு அனுப்ப வேண்டியிருக்கும். அறந்தாங்கியில இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்த அம்மாகிட்ட அதைச் சொல்றது நான்தான். அந்த முகத்தை எந்த கேமராவும் எடுக்கிறதில்ல.

அவங்க வரட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா வார்டுக்கு வேண்டாம். கீமோ டே கேருக்கு, அதாவது படுக்க வைக்காம அன்னைக்கே மருந்து ஏத்தி அனுப்புற இடத்துக்கு வாங்க. காலைல எட்டு மணிக்கு வந்து மதியம் ரெண்டு மணி வரைக்கும் உட்காருங்க. ரத்தம் எடுத்து, ரத்த அணு எத்தனைன்னு சொல்ற கவுன்ட் ரிப்போர்ட் வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. கவுன்ட் குறைஞ்சிருந்தா மருந்து ஏத்தாம அடுத்த வாரம் வரச் சொல்லணும், அது மருத்துவ ரீதியா சரிதான். ஆனா அந்த ரத்த டெஸ்டை அவங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முந்தின நாள் எடுத்து, ரிசல்ட் எங்களுக்கு வந்திருந்தா, இருநூறு கிலோமீட்டர் வந்து வெறுங்கையோட திரும்ப வேண்டியதில்ல.

அப்புறம் மருந்து கலக்குற இடத்தையும் பாருங்க. கீமோ மருந்தைத் திறந்த மேசையில வச்சுக் கலக்கக் கூடாது, காத்தை உறிஞ்சி வடிகட்டுற கேபினட்டுக்குள்ளதான் கலக்கணும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல கேபினட் இருந்தது, ஆனா ரிப்பேர். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக் கலந்தோம். எங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்க.

சேதுக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த அம்மா மாதிரிதான் எங்கள் அம்மாவும். கர்ப்பப்பைவாய்ப் புற்று. நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம், கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் போக வேண்டும். மெஷினில் படுத்து எழுவது கொஞ்ச நிமிஷம்தான். அதற்காக ஒரு பக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரண்டாவது வாரத்திலேயே வயிற்றுப்போக்கும் நீர்க்கடுப்பும் வந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், வந்தது. அந்த உடம்போடு பஸ்ஸில் எப்படி உட்கார முடியும்? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது, டாக்டர்களும் நன்றாகத்தான் பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எந்த அட்டையும் கிடையாது. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தங்கச்சி நகையை வைத்தோம்.

கூடவே கரண்ட் வைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா பாதியில் வரவில்லை. இந்த நோய்க்குக் கதிர்வீச்சு மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும், இழுத்தால் பலன் குறையும் என்று டாக்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அக்காவுக்கும் சொல்லியிருப்பார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்து வைத்தார். அதில் எங்கள் ராமநாதபுரமும் ஒன்று. கல்லூரி வந்தது எங்களுக்குப் பெரிய விஷயம்தான். எந்தத் தலைவராவது ராமேஸ்வரத்தில் பஸ் ஏறி, ஒரு புற்றுநோயாளியோடு மதுரை வரைக்கும் வந்து திரும்பினால், அடுத்து என்ன கட்ட வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். மெஷினுக்குப் பக்கத்தில் தங்குமிடம் வேண்டும். அதைத்தான் கட்ட வேண்டும்.

வரவுசெலவு எழுதியது:

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மா இப்போது நலமா?

ஒரு தகவல், வேறு யாருக்காவது உதவும். ரயிலில் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே கிடையாது. துணைக்குப் போகும் ஒருவருக்கு இந்த இரண்டு வகுப்பிலும் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். பல வார்டுகளில் இதைச் சொல்வார் யாரும் இல்லை.

நான் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலையில் வருடக்கணக்காக இருப்பவன். சீர்திருத்தம் என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த அட்டைதான். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதற்குப் பதிலாக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார் ஜெயலலிதா. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு இணைந்து, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை வந்தது. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்ததை 2021இல் அமைந்த தி.மு.க. ஆட்சி 1,20,000 ஆக்கியது. ஆட்சியும் பெயரும் மாறியும் காப்பீடு என்பதையே யாரும் கைவிடாமல் வளர்த்தார்கள். இதற்கு முன்னால் கீமோவுக்கு நிலத்தை விற்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

வரவுசெலவு சாரோடு எனக்கு உடன்பாடில்லை. அட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டையையே சீர்திருத்தம் என்று சொல்வதில்தான் என் மறுப்பு.

கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து இது இன்ன நோய், இன்ன ஸ்டேஜ் என்று முடிவாகும் நாள் வரை நடக்கும் அலைச்சலில் பெரும்பகுதி கைக்காசுதான். முதலில் பக்கத்துக் கிளினிக், அப்புறம் தனியார் ஸ்கேன் சென்டர், சதை எடுத்து டெஸ்ட், அந்த டெஸ்ட் சரியில்லை என்று மறுபடியும் ஒன்று. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுக்க வரிசை. அட்டை கைக்கு வரும்போது நோய் ஒரு படி ஏறியிருக்கும். எங்கள் வீட்டிலேயே நடந்தது இது.

இன்னொன்று. அட்டை மூலம் தனியாருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் தஞ்சையிலோ நெல்லையிலோ கோவையிலோ அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரை நியமிக்கக்கூடிய பணம். மெஷின் வாங்கினால் திறப்பு விழா உண்டு. அதை ஓட்டும் கதிரியக்க இயற்பியலாளரையும் டெக்னீசியனையும் நியமித்தால் விழா கிடையாது. அதனால்தான் மெஷின் முதலில் வருகிறது, ஆள் பிறகு வருகிறார்.

வரவுசெலவு எழுதியது:

“அட்டை மூலம் தனியாருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும்...”

முழுவதும் தனியாருக்குப் போவதில்லை தோழர். அரசு மருத்துவமனையில் அட்டையில் சிகிச்சை எடுத்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது. அதிலிருந்து கருவி வாங்குகிறார்கள், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. ஆள் நியமனம் பற்றி நீங்கள் எழுதியதை முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் பாலாற்றங்கரை ஐயாவின் கேள்விக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. புற்றுநோயாளியின் செலவைப் பெரிதாகக் குறைத்த சில முடிவுகள் எந்த வார்டுக்கும் போகாமல் எடுக்கப்பட்டவை. சோராஃபெனிப் என்ற மாத்திரை, கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கானது. மாதத்துக்கு சுமார் 2,80,000 ரூபாய் விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமைக் கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்கும் உரிமத்தை, வழங்கியதும் இந்தியக் கம்பெனி ஒன்று அதைச் சுமார் 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியது. விலை குறைந்த மாத்திரை கிடைப்பது தொடர்ந்தது. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்தார்கள். நம் மாநிலத்தில் 1994இல் மருந்து கொள்முதலுக்கென்று தனிக் கழகம் அமைத்ததும் இந்த வகைதான். ஃபைலும் கையெழுத்துமாக நடந்த இந்த வேலைகள் எத்தனை வீட்டில் விளக்கெரிய வைத்தன என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணாடிவில்லை எழுதியது:

தலைவர் எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தயங்காமல் ஒரு பதில் உண்டு. பேத்தாலஜி லேப், அதாவது சதையைச் சோதித்து என்ன நோய் என்று சொல்லும் இடம். மூன்றாவது மாடியிலோ பின்கட்டிலோ இருக்கும். அங்கே எந்த வருகையும் நடந்து நான் பார்த்ததில்லை. லேப் டெக்னீசியனாக இருக்கிறேன்.

சதை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பலருக்கும் தெரியாது. துண்டை ஃபார்மலினில் போட வேண்டும், உடனே போட வேண்டும். தாமதித்தால் திசு கெட்டுவிடும், பிறகு எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. மார்பகப் புற்று ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பியைப் பார்க்க வேண்டுமானால் ஃபார்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருந்தாக வேண்டும். பிறகு ஓர் இரவு மெஷினில் ஓடும். மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்று நான்கு நாளில் பேத்தாலஜிஸ்ட் மேசைக்கு வந்துவிடும். சிறப்புச் சாயம் தேவைப்பட்டால் இன்னும் சில நாள்.

அப்படியானால் நோயாளிக்கு ஏன் மூன்று வாரம், நான்கு வாரம் என்று ஆகிறது? பாட்டிலைத் தாலுகா மருத்துவமனையிலிருந்து கொண்டுவர வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான். பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஃபார்மலினில் கரைந்து, யாருடையது என்று திரும்பப் போன் பண்ணிக் கேட்போம். சிறப்புச் சாயத்துக்கான ரசாயனம் தீர்ந்து, வேண்டும் என்று எழுதிக் கேட்கும் இன்டென்ட் போட்டுக் காத்திருப்போம். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் ஒருவரே, அவருக்கு மாணவர் வகுப்பும் உண்டு. கடைசியில் ரிப்போர்ட் தயாரான பிறகும், அதை வாங்க நோயாளியே நேரில் வர வேண்டும். தயாராகிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ரேக்கில் வாங்கப்படாமல் கிடக்கும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

இதில் எதற்கும் கோடிகள் வேண்டாம். ஒரு வண்டி, பார்கோடு ஸ்டிக்கர், ஒரு எஸ்எம்எஸ் போதும்.

சிறுமலைச்சாரல் எழுதியது:

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிவில்லை தம்பி எழுதியதற்கும் முந்தின கட்டத்தைச் சொல்கிறேன்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பைவாயில் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனை. ஒரே ஒரு முறைதான். வெளுத்தால் அங்கேயே உறைய வைத்துச் சிகிச்சை. 2007இல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்தது, அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகமே எடுத்துப் பேசும் முடிவு, நம் பெண்களின் உடம்பிலிருந்து கிடைத்தது. தேனியிலும் தஞ்சையிலும் அரசே முன்னோடியாக இதை நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 2021இல் வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. 2023 கடைசியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய் மூன்றுக்கும் வீடு தேடிப் போய் அழைக்கும் திட்டம் தொடங்கியது.

நல்ல திட்டங்கள். ஆனால் எங்கே ஓட்டை விழுகிறது என்பதைக் களத்தில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். சோதனைக்கு வந்தவர்கள் கணக்கு மேலே போகும், அதைத்தான் மேலதிகாரி கேட்பார். சந்தேகம் என்று எழுதி அனுப்பியவர்களில் எத்தனை பேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ‘எனக்கு ஒண்ணும் வலிக்கலையே, எதுக்கு இப்போ’ என்பார்கள். களை எடுப்பு முடியட்டும், மக கல்யாணம் முடியட்டும், இவர் வேண்டாம்னு சொல்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் வருவார்கள். என்னால் எத்தனை பேரைக் கூட்டிப் போக முடியும்? அதற்கென்று ஒன்றியத்துக்கு ஒரு பெண்ணை நியமியுங்கள். அவள் வேலை இது மட்டும்தான் என்று இருக்கட்டும்.

இரவுப்பணி எழுதியது:

அம்மா நீங்க சொன்ன ஆள்தான் எங்க வார்டுலயும் வேணும். கூட்டிட்டுப் போறவங்க மட்டும் இல்ல, பேசுறவங்க.

2024 நவம்பர் 13 கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில புற்றுநோய் டாக்டரை, அங்க சிகிச்சை எடுத்த ஒரு அம்மாவோட பையன் கத்தியால குத்தினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு எந்த நியாயமும் கிடையாது. அன்னைக்கே துணை முதலமைச்சர் நேர்ல வந்தார். அதுக்கப்புறம் துணைக்கு வர்றவங்களுக்குக் கையில டேக் கட்டுறது, வாசல்ல சோதனைன்னு பாதுகாப்பு கூடுச்சு. எங்களுக்கு அது தேவை, பயத்தோட வேலை பார்க்க முடியாது.

ஆனா அதோட நின்னுடக் கூடாது. நாலாவது ஸ்டேஜ்னா என்ன, இந்த மருந்து நோயைக் குணமாக்கவா இல்ல வலியைக் குறைக்கவா, அடுத்து என்ன நடக்கும். இதை உட்கார வச்சு அரை மணி நேரம் சொல்ல ஒருத்தர் வேணும். ஓ.பி.யில டாக்டருக்கு ஒரு ஆளுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்குது, அவர் மேல தப்பு சொல்ல முடியாது. மருத்துவ சமூகப் பணியாளர்னு ஒரு பதவி இருக்கு. புற்றுநோய்ப் பிரிவு இருக்கிற எல்லா இடத்துலயும் அவங்களைப் போடணும்.

மத்திய பட்ஜெட்டுல 2025ல அறிவிச்சாங்க, மூணு வருஷத்துல எல்லா மாவட்ட மருத்துவமனையிலயும் கீமோ டே கேர்னு. நான் மனசார வரவேற்கிறேன். சேதுக்கரை தம்பி அம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சம். ஆனா கூடவே பயிற்சி எடுத்த நர்ஸையும் கலக்குற கேபினட்டையும் அனுப்புங்க.

திண்ணைவீடு எழுதியது:

எல்லோரும் குணமாகும் பாதையைப் பற்றி எழுதுகிறீர்கள். குணமாகாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு நுரையீரலில் வந்து எலும்புக்குப் பரவிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வலிக்கு என்ன செய்வது என்று சொல்லி அனுப்பவில்லை.

மார்ஃபின் மாத்திரை விலை குறைவான மருந்து. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் முன்பெல்லாம் கிடைப்பதே கடினம். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்து என்று வகைப்படுத்தி உரிமத்தை எளிதாக்கினார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் எழுதிக்கொடுக்கும் டாக்டரைத் தேடிக் கண்டுபிடிக்கவே அலைய வேண்டியிருந்தது. கிடைத்த பிறகு அப்பா தூங்கினார். அதற்கு முந்தைய இரவுகளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

கோழிக்கோட்டில் 1993லேயே வலி நிவாரணத்துக்கென்று மக்கள் அமைப்பு தொடங்கி, கேரளம் முழுக்க வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்த்துவிட்டார்கள். 2008இல் அது அரசுக் கொள்கையாகவே ஆனது. மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வரும் ஆதரவு சிகிச்சை உண்டு. எங்கள் வீட்டுக்கும் ஒரு நர்ஸம்மா வந்தார், புண்ணைச் சுத்தம் செய்தார், அவரை நாங்கள் மறக்க மாட்டோம். அவர் பையில் அந்த மாத்திரையும் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. தலைவர்கள் வார்டோடு திரும்பிவிடாமல், வார்டிலிருந்து அனுப்பப்பட்ட ஒருவரின் வீட்டுக்கும் போகட்டும்.

பனிமூட்டம் எழுதியது:

இங்கிலாந்தில் மருத்துவத் துறையில் இருக்கிறேன். மேலே இருக்கும் பதிவுகளைப் படித்ததும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. வண்டி, ரிப்போர்ட், பஸ், அட்டை, கவுன்ட் என்று நீங்கள் எல்லோரும் எழுதியிருப்பது நாட்களைப் பற்றி. எத்தனை நாள் வீணாகிறது என்பதைப் பற்றி.

இங்கே 2000ஆம் ஆண்டு டோனி பிளேர் அரசு ஒரு புற்றுநோய்த் திட்டம் வெளியிட்டது. குடும்ப மருத்துவர் அவசரம் என்று எழுதி அனுப்பிய நாளிலிருந்து முதல் சிகிச்சை வரை 62 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது அதில் வந்த இலக்கு. 85 சதவீத நோயாளிகளுக்காவது அது நிறைவேற வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை சதவீதம் எட்டியது என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். இந்த இலக்கை நாடு முழுதுமாக 2015க்குப் பிறகு எட்டவே இல்லை. இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எதிர்க்கட்சி கேட்கிறது, பத்திரிகை கேட்கிறது, நோயாளி கேட்கிறார். பிரதமர் மருத்துவமனைக்குப் போனால் அந்த எண்ணைச் சொல்லித்தான் அவரிடம் கேள்வி வருகிறது.

நம் ஊரில் அந்த எண் பொதுவில் இருக்கிறதா?

பாலாற்றங்கரை எழுதியது:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் ஐயா. படுக்கை எண்ணிக்கை தெரியும், கோடி தெரியும், பயனாளிகள் எண்ணிக்கையும் தெரியும். நாட்கள் தெரியாது. தலைவர் வரும்போது அவர் கையில் கொடுக்க நம்மிடம் நாட்கணக்கு இருந்தால், பழக்கூடை கொடுத்துவிட்டு நகர முடியாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கணக்கு அவர்களிடம் இருக்கும். கதிர்வீச்சுப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவு செய்த தேதியும் முதல் சிட்டிங் (முதன்முதலில் கரண்ட் வைத்த) தேதியும் எழுதித்தான் வைக்கிறார்கள். சேர்த்துக் கூட்டி வெளியிடுவதில்லை, அவ்வளவுதான். 1980களிலேயே சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கிய மாநிலம் நாம். முடியாத வேலை அல்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, அந்தந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இல்லையென்றால் மேல்முறையீடு. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள், தள்ளிவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேளுங்கள். நோயாளியின் பெயர், முகவரி வேண்டாம் என்று நாமே எழுதிவிட வேண்டும்.

தெற்குவாசல் எழுதியது:

தஞ்சைக்கும் நெல்லைக்கும் நான் அனுப்புகிறேன். வரவுசெலவு சார், கோவையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? அட்டை விஷயத்தில் சண்டை அப்படியே இருக்கட்டும், இதைச் சேர்ந்து செய்வோம்.

வரவுசெலவு எழுதியது:

கோவை என் பொறுப்பு. காப்பீட்டு ஒப்புதல் கேட்ட தேதி, கிடைத்த தேதி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். அதில் என் துறையின் குறையும் வெளியே வரட்டும்.

கண்ணாடிவில்லை எழுதியது:

சதை லேபுக்கு வந்த தேதி, ரிப்போர்ட் கையெழுத்தான தேதி, ரிப்போர்ட்டை நோயாளி வாங்கிய தேதி. மூன்றும் தனித்தனி. மூன்றாவது பதிவேட்டில் இருக்காது என்று பதில் வந்தால், அதுவே ஒரு தகவல்தான்.

சேதுக்கரை எழுதியது:

மதுரை பாலரெங்காபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நான் போடுகிறேன். அம்மா இப்போது நலமாக இருக்கிறார் சார், கேட்டதற்கு நன்றி. மறுபரிசோதனைக்குப் போகும்போது நேரிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, முதல் கரண்ட் வச்ச தேதியை மட்டும் கேட்காதீங்க. முடிச்ச தேதியும் கேளுங்க. உங்க கூட இருந்த அந்த அக்கா மாதிரி பாதியில நின்னவங்க அதுலதான் தெரிவாங்க.